தம்பிக்கு வாங்கிய ரயர்

1

இன்று மத்தியானம் கென் என் மேசைக்கு வந்து, வருகிற மாதம் நடக்கும் கல் ஒழுங்கைச் சைக்கிள் சவாரிக்கும் அதே ரயரில்தான் ஓடப்போகிறாயா என்று கேட்டான். முழங்கால் நோகிறது, இந்தமுறை நான் வரவில்லை என்றேன். அவன் உண்மையாகவே கவலைப்பட்டு, தன் மனைவி பூசுகிற ஒரு களிம்பின் பெயரை எழுதித் தந்துவிட்டுப் போனான். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. இன்று காலையும் ட்ராமைப் பிடிக்க ஒரு தெரு நீளத்துக்கு ஓடினேன்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் அந்தச் சவாரி என்னவென்று சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள். மெல்பேணின் பழைய குடியிருப்புகளில் வீடுகளின் பின்புறமாக ஒழுங்கைகள் உண்டு. எங்கள் ஊர் ஒழுங்கை மாதிரியே ஒரு வண்டி போகிற அகலம்தான். கக்கூசு வாளி எடுக்கிற வண்டி வந்து போவதற்காக அந்தக் காலத்தில் போட்டவை. நான் வடிகால் படம் வரைகிற கந்தோரில் வேலை செய்கிறபடியால் இந்தச் சரித்திரமெல்லாம் எனக்குத் தெரியும். நிலத்தில் கருநீலக் கல்லை ஒரு றாத்தல் பேக்கரிப் பாண் அளவில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். காலப்போக்கில் சில கல் தாழ்ந்தும் சில கல் மிதந்தும் போய், நடந்து போனாலே கால் பிரளும்.

நகரம் முழுக்க நல்ல தார் றோட்டு இருக்க, அதை விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது அறுபது பேர் இந்த ஒழுங்கைகளைத் தேடித் தேடிச் சைக்கிள் ஓடுகிறார்கள். ஐரோப்பாவில் கல் றோட்டில் நடக்கிற பெரிய பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த சில இத்தாலியர்கள் தொடங்கி வைத்த விளையாட்டாம். வருடத்தில் இரண்டுமுறை நடக்கும். பரிசு ஒன்றும் இல்லை. முடிவில் ஒரு பூங்காவில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவார்கள். றோட்டில் குழி விழுந்துவிட்டது என்று எங்கள் ஆட்கள் கிராமசபைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, இங்கே குழியைத் தேடிப் போகிறார்கள். வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு என்று சொல்லலாம். அதில் நானும் ஓடினேன். போன தடவை.

2

என் தம்பி ராசன் சுழிபுரத்தில் இருக்கிறான். பள்ளிக்கூட ஆசிரியர். காலையில் ஆறு மைல், பின்னேரம் ஆறு மைல் சைக்கிளில் போய் வருகிறான். அந்த வழியில் பாதி, சல்லிக் கல் போட்ட மக்கி றோட்டு. இறக்குமதி நிறுத்தியதிலிருந்து ஊரில் சைக்கிள் ரயர் படும் பாடு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சங்கக்கடைப் பதிவில் பெயரைக் கொடுத்துவிட்டு முறை வருமென்று காத்திருக்கிற ஆயிரம் பேரில் அவனும் ஒருவன். பின் ரயர் வெடித்த இடத்தில் உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து, வெளியே கயிற்றால் வரிந்து கட்டி ஓடுகிறானென்று ஊரிலிருந்து வந்த வேறு ஒருவர் சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரியவந்தது.

அவன் எழுதியது ஒரே வரி. சைக்கிள் இப்போது கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுகிறது, மற்றும்படி நாங்கள் எல்லோரும் சுகம். நான் அதை வாசித்துவிட்டு, சுகமாம் என்று என் மனைவி பவானியிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, ராசன் ரயர் கேக்கிறார். உங்களுக்கு விளங்கேல்லையே?”

“எங்கை கேட்டிருக்கிறான்?”

“உங்கட வீட்டிலை ஆர் எதை நேர கேட்டவை? சண்டித்தனம் பண்ணுது எண்டு தம்பி எழுதினால் அதுதான் கேள்வி.”

அவள் சொன்னது சரி. எங்கள் வீட்டில் இளையவர்கள் மூத்தவர்களிடம் வாய்விட்டுக் கேட்பதில்லை. மூத்தவன் பார்த்து அறிந்து செய்ய வேண்டும், அதுதான் பழக்கம். நான் இங்கே வந்து மூன்று வருடமாகி, அந்தப் பாஷையை அவள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய ஆளாகிவிட்டேன்.

தபாலில் அனுப்பலாமென்று தபால் கந்தோருக்குப் போனேன். சாளரத்தில் இருந்த பெண் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, இலங்கைக்குச் சைக்கிள் ரயர் அனுப்புவதென்றால் அந்த நாட்டு அனுமதி வேண்டும் என்றாள். கன்பராவிலுள்ள எங்கள் நாட்டுக் காரியாலயத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். அனுமதியை வாங்க வேண்டியவர் பெறுகிறவர், அதற்கு அவர் கொழும்புக்கு வர வேண்டும் என்றார்கள். சுழிபுரத்திலிருந்து கொழும்புக்குப் போய் வருவதைவிட ராசன் நடந்தே பள்ளிக்கூடம் போகலாம்.

மிச்சம் இருந்த ஒரே வழி நடேசு அண்ணை. ஸ்பிரிங்வேலில் இருக்கிறார், ஒரு ஆசுப்பத்திரியின் களஞ்சியத்தில் வேலை. கலியாணம் செய்யாத மனிதர். இங்கே இருக்கிற சொற்பத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஊருக்குப் போகிறார் என்றால் எல்லா வீட்டுச் சாமானும் அவருடைய பெட்டியில்தான் போகும். அவர் தன் தமக்கை மகளின் கலியாணத்துக்குப் போகப்போவதாகச் செய்தி வந்ததும் ஆளாளுக்குப் பொதி கட்டத் தொடங்கினார்கள். அவருடைய சட்டம் கடுமையானது. வீட்டுக்கு ஒரு பொதி. குளியலறைத் தராசைக் காரில் கொண்டு வந்து, வாசலில் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் எடுப்பார். எங்கள் வீட்டுப் பொதி ராசனுக்கு இரண்டு ரயர் என்று நான் சொல்ல, சரி என்றார்.

3

இருபத்தெட்டு, ஒன்றரை. ஊரில் சைக்கிள் ஓடுகிற ஆம்பிளைக்குத் தன் நட்சத்திரம் மறந்தாலும் ரயரின் இந்த இலக்கம் மறக்காது. அங்கே ஓடுகிற சைக்கிளெல்லாம் இந்த அளவுதான். ஆனால் மெல்பேணில் இப்போது ஒல்லியான ரயர் போட்ட பத்துக் கியர் சைக்கிளுக்குத்தான் மவுசு. நான் கேட்ட கடைகளில், யாருடைய தாத்தாவுக்கு என்று கேட்டார்கள்.

கடைசியில் எங்கள் பிரன்ஸ்விக்கிலேயே கார்மெலோவின் கடையில் கிடைத்தது. கார்மெலோ சிசிலிக்காரர், கதைகாரர், தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்ற நினைப்புள்ளவர். அப்படி ரயர் தன்னிடம் இல்லவே இல்லையென்று பத்து நிமிடம் அடித்துச் சொன்னார். பிறகு அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஏதோ கத்த, ஏணியை வைத்துப் பரணில் ஏறி, தூசியோடு ஒரு சோடி ரயரை இறக்கினார். பழுப்புக் கடதாசி சுற்றியபடி, தொடாத புது ரயர். கடைசிச் சோடி என்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே வைத்தேன். பவானி கடதாசியை விலக்கி, ரயரில் முள்ளு மயிர் மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற ரப்பர் நாரைத் தடவிப் பார்த்தாள். புது ரயருக்குத்தான் அந்த நார் இருக்கும். “ராசன் இதைப் பாத்தால் ரெண்டு நாளைக்குச் சைக்கிளிலை ஏறமாட்டார், பாத்துக்கொண்டேதான் இருப்பார்,” என்றாள். நானும் ஒரு கடமையைச் செய்து முடித்த நிம்மதியோடு படுத்தேன்.

4

இனி என் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்தவன் இங்கே படம் வரைகிறவன். என் பட்டத்தை ஒப்புக்கொள்வதற்கு ஒரு குழு இருக்கிறதாம், அது கூட வேண்டுமாம், கூடும்போது அறிவிப்பார்களாம். கந்தோரில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு நான் அவர்களுக்கு இல்லை. வந்த புதிதில், வீட்டுக்குப் புறப்படும்போது ஊர்ப் பழக்கத்தில் போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தேன். நான் திரும்பி வருவேனென்று கென் ஆறு மணி வரைக்கும் கந்தோரைப் பூட்டாமல் காத்திருந்தான். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பார்களே தவிர, யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்னை வா என்று கூப்பிட்டதில்லை.

வீட்டில் மகள் சுமதி. பதினொரு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் பாதிப் பதில் ஆங்கிலத்தில். பள்ளிக்கூட விழாவுக்கு நான் வருகிறேன் என்றபோது, “அப்பா, ப்ளீஸ், அந்த அம்பிறெல்லாவைக் கொண்டு வராதீங்கோ,” என்றாள். குடையில்லாமல் போனேன். பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே நில்லுங்கள் என்றாள். நின்றேன்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் கென் கல் ஒழுங்கைச் சவாரியைப் பற்றிச் சொல்லி, நீ ஊரில் சைக்கிள் ஓடியிருக்கிறாயா என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் ஒரு ஆள், பின் கரியரில் ஒரு மூட்டை வெங்காயம், மழையில் ஒரு கையில் குடை, இப்படி ஓடி வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. வருகிறேன் என்று உடனே சொன்னேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது சுமதி ரெலிவிஷனிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். “நீங்களா? டெபியின்ர அண்ணாவும் அதிலை ஓடுறவர்,” என்றாள். டெபி அவளுடைய சிநேகிதி. அந்தப் பார்வைக்காக நான் அன்றைக்கு எவரெஸ்டில் ஏறச் சொன்னாலும் ஓமென்றிருப்பேன்.

5

சைக்கிள் வேண்டும். கென் தன்னுடைய இரண்டாவது சைக்கிளைத் தருகிறேன் என்றான். வளைந்த ஹான்டில், விரல் தடிப்பில் ரயர். கார்மெலோ அதைப் பார்த்து, அருமையான தெரிவு, கல்லுக்குக் கல் மாதிரியே காற்றடிக்க வேண்டும் என்று உபதேசம் பண்ணி அடித்தும் தந்தார். அவருடைய கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் ஓடிப் பார்த்தேன். இருபது யார் தூரம் போவதற்குள் முன் சில்லு இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கிக்கொண்டது. நான் மதிலைப் பிடித்து நின்றேன். பல்லெல்லாம் கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. அந்தச் சைக்கிளில் ஓடி முடிக்கலாம்தான், பலரும் அப்படித்தான் ஓடுகிறார்கள். ஆனால் சுமதிக்கும் டெபிக்கும் முன்னால் விழுவதற்கு எனக்கு விருப்பமில்லை.

கடையின் கூரையில் ஒரு கறுத்த சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. நிமிர்ந்த ஹான்டில், கம்பிப் பிறேக், மட்காட். எங்கள் ஊர்ச் சைக்கிளின் கூடப்பிறந்தது மாதிரி. இறக்கச் சொன்னேன். சட்டம் உறுதியாக இருந்தது, சில்லும் நேராக இருந்தது. ரயர் மட்டும் வெயிலில் காய்ந்து வெடித்து உதிர்ந்தது. சைக்கிளை வாங்கிக்கொண்டேன். ரயர் சிட்னியிலிருந்து எடுக்க அடுத்த மாதமாகும் என்றார் கார்மெலோ. சவாரி வருகிற ஞாயிற்றுக்கிழமை.

“நீ என்னத்துக்கு யோசிக்கிறாய்? என்னிடம் வாங்கிக்கொண்டு போனாயே, அதே அளவுதான். கல்லுக்கு அதைப்போல ரயர் கிடையாது,” என்றார். சற்று முன் ஒல்லி ரயரை அருமை என்று சொன்ன அதே வாய்.

“அது என் தம்பிக்கு வாங்கியது,” என்றேன்.

“ஒரு ஞாயிறுதானே. ரயர் என்ன பாணா, சாப்பிட்டால் முடிந்துபோக?”

வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதே நான் முடிவு செய்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. கார்மெலோவின் மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் கட்டிலுக்குக் கீழே குனிந்து அந்தக் கடதாசியைப் பிரித்த கை என்னுடையது. நடேசு அண்ணை புறப்பட இன்னும் ஒன்றரைக் கிழமை, பத்துப் பதினொரு நாள் இருந்தது. ஒரு நாள் ஓடிவிட்டுக் கழற்றித் துடைத்துக் கட்டினால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

பவானி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“அது ராசன்ர பேர் சொல்லி வாங்கினதெல்லோ.”

“ஒருநாள் ஓடினால் தேஞ்சு போமே? சும்மா இரும்.”

ஒருவரின் பெயரைச் சொல்லி வாங்கிய சாமானை அவர் கைபடும் முன் மற்றவர் எடுத்துப் பாவிப்பதில்லை. சீலையானாலும் சரி, செருப்பானாலும் சரி. அது எனக்குத் தெரியாததல்ல. அவள் திரும்பிப் போய் அரிசி களையத் தொடங்கினாள். சண்டை பிடித்திருந்தால் நான் கழற்றியிருப்பேனோ என்னவோ. அதையும் அவள் தலையில் போடுகிறேன், பாருங்கள்.

6

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் நல்ல கிழமை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். பின்னேரங்களில் நானும் சுமதியும் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் ரயரைச் சோதித்தோம். முதலில் ஊர்ப் பழக்கத்தில் இறுக்கிக் காற்றடித்தேன். மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்கு அது சரி. கல்லில் அது பந்து மாதிரித் துள்ளியது. பிறகு கொஞ்சம் திறந்துவிட்டு ஓடினேன், இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு ஓடினேன். பெருவிரலால் அமத்தினால் மெல்லப் பதிகிற அளவு வந்தபோது, ரயர் கல்லை அணைத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது. சுமதி பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்பா, இதுக்குத் தமிழிலை என்ன?” என்று வால்வைக் காட்டிக் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்து, வால்வு என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் என்னோடு அப்படி ஒரு மணித்தியாலம் நின்று எத்தனையோ மாதமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மற்றவர்களெல்லாம் ஒல்லிச் சைக்கிளும் வண்ணச் சட்டையுமாக நின்றார்கள். நான் கறுத்த சைக்கிளில், காற்சட்டைக் கீழ்நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு நின்றேன். ஒருவன் என் பெல்லை அடித்துப் பார்த்துச் சிரித்தான். முதல் ஒழுங்கையிலேயே இரண்டு பேருக்கு ரியூப் வெடித்தது. மூன்றாவதில் டெபியின் அண்ணன் சில்லை நடுவில் மாட்டிக்கொண்டு சரிந்தான். நான் போய்க்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தபடி, கைகளைத் தளர விட்டு, மூட்டையில்லாத சைக்கிளை ஓடுவதைப் போல ஓடினேன். ஒரு திருப்பத்தில் கென்னை விலத்திப் போனபோது அவன் கெட்ட வார்த்தையால் என்னை வாழ்த்தினான்.

கடைசி ஒழுங்கையின் முகப்பில் சுமதி டெபியோடு நின்றாள். “தட்ஸ் மை டாட்,” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பெலத்துத்தான் சொன்னாள். பூங்காவில் கென் என்னைத் தன் மனைவியிடம் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தான். ஒருவர் என் ரயரை அமத்திப் பார்த்து எவ்வளவு காற்று என்று கேட்டார். நான் பெருவிரல் கணக்கை விளக்கினேன். அவுஸ்திரேலியாவுக்கு வந்து மூன்று வருடத்தில் நான் ஒரு விஷயத்தைச் சொல்ல மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டது அன்றுதான்.

அந்த நாள் முழுவதும் நான் ராசனை ஒருமுறையும் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவனை நினைத்துக்கொண்டு, மனம் உறுத்த உறுத்த ஓடியிருந்தால் ஏதோ கொஞ்சம் மன்னிக்கலாம். நான் சந்தோஷமாக ஓடினேன். இந்தப் பத்திரிகை அவனுடைய பள்ளிக்கூடத்துக்கும் போகிறதென்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

7

வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியபோதுதான் பார்த்தேன். ரப்பர் நார் ஒன்றும் இல்லை. நடுவிலுள்ள கோடுகள் மழுங்கி, வரிகளுக்குள் நீலக் கல்லுத் தூள் இறுகிப் போயிருந்தது. பின் ரயரின் பக்கத்தில் போத்தல் ஓடு கீறிய ஒரு வெட்டு. ஆழமில்லை. ஆனால் விரலை வைத்தால் தெரியும்.

கழற்றிச் சவர்க்காரம் போட்டு, பல்லுத் துலக்குகிற பழைய தூரிகையால் தேய்த்தேன். தூள் போகவில்லை. பிறகு சப்பாத்துக் கறுப்பைப் பூசினேன். பவானி உடுப்புக் காயப்போட வந்தவள், சப்பாத்துக் கறுப்போடு ரயரை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற புருஷனைப் பார்த்தாள். “ராசன் சைக்கிளோடை வளந்தவர்,” என்று மட்டும் சொன்னாள். பூசியதையும் துடைத்தெடுத்தேன். அடுத்த நாள் கந்தோரிலிருந்து தெரிந்த கடைக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தேன். அந்த அளவில் புது ரயர் எவரிடமும் இல்லை. கார்மெலோவிடம் சிட்னியிலிருந்து எடுத்துத் தாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் சொன்ன நாளுக்கு நடேசு அண்ணை ஊரில் கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நடேசு அண்ணை தராசோடு வந்தார். பொதியைத் தூக்கி நிறுத்துவிட்டு, கடதாசியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார்.

“இது ஓடின ரயரெல்லோ, தம்பி?”

“ஓம் அண்ணை, ஒருக்கா ஓடினது,” என்றேன்.

“ஆள் விண்ணன்தான் நீர், நல்ல மூளை. புது ரயரெண்டால் கட்டுநாயக்கா எயார்போட்டிலை சுங்கக்காரன் விடவே மாட்டான். நான் அதைத்தான் ராத்திரி முழுக்க யோசிச்சனான். பாவிச்ச சாமானெண்டால் ஒரு கதையுமில்லை. இது எனக்குத் தோணேல்லையே.”

அவர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். போகிற வழியிலெல்லாம் சொல்லிக்கொண்டு போனார் போலிருக்கிறது. இப்போது மெல்பேணில் ஊருக்குப் பொதி கட்டுகிற தமிழர்கள் புதுச் சேர்ட்டை ஒருதரம் போட்டுக் கசக்கிவிட்டு அனுப்புகிறார்கள். புதுச் செருப்போடு வீட்டுக்குள் நாலு தரம் நடந்துவிட்டுக் கட்டுகிறார்கள். ஒருவர் எனக்கு ரெலிபோன் எடுத்து, அரைவாசி எரிந்த மெழுகுதிரி போல ரோர்ச் பற்றரிக்கும் ஏதும் வழி இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் பெயர் இதுதான்.

8

நடேசு அண்ணை கலியாணம் முடிந்து, ஒரு பெட்டி நிறையப் பனம்பழப் பனாட்டோடும் மிளகாய்த் தூளோடும் திரும்பி வந்தார். போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். பவானி தேநீர் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள். மற்ற வீட்டுக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, எங்களுடையதற்கு வந்தார்.

“ராசன் மாஸ்டரிட்டை நானே நேர கொண்டுபோய்க் குடுத்தனான். நான் வந்திருக்கிறன் எண்டு கேள்விப்பட்டு அயலட்டை ஆக்கள் நாலு பேர் முத்தத்திலை வந்து நிண்டவை. அவர் பொதியை அவிட்டார். ஒருத்தர் ரயரைத் தடவிப் பாத்திட்டு, என்ன மாஸ்டர், அவுஸ்திரேலியாவிலை இருக்கிறவர் தான் ஓடித் தேஞ்ச ரயரைத்தானே உங்களுக்கு அனுப்பியிருக்கிறார் எண்டு கேட்டிட்டார்.”

நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். சுங்கத்துக்காகத்தான் அப்படிச் செய்தது என்று நீங்கள் சொல்லியிருப்பீர்களே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“சொல்ல எங்கை விட்டார்? அந்தாளுக்குக் கோவம் வந்திட்டுது. நான் ராசன் மாஸ்டர் கோவிச்சு அண்டைக்குத்தான் கண்டனான். எங்கட அண்ணையை உங்களுக்குத் தெரியாது எண்டார். தான் பாவிச்சுப் பாக்காமல் ஒரு சாமானையும் அவர் எனக்குத் தந்தவரில்லை எண்டார். ரயரைத் தூக்கிப் பிடிச்சு, இந்தா பாருங்கோ, உள்ளுக்கை கல்லுத் தூள் நிக்குது, நான் போறது கல்லு றோட்டு எண்டு தெரிஞ்சு, அங்கையும் அப்பிடி ஒரு றோட்டைத் தேடிப் பிடிச்சு, எனக்காண்டி ஓடிப் பாத்திட்டு அனுப்பியிருக்கிறார் எண்டு எல்லாருக்கும் காட்டினார். அந்த வெட்டையும் கண்டவர். கல்லு வெட்டியும் உள்ளுக்கை போகேல்லை, நல்ல ரயர் எண்டு சொல்லி வெட்டினதைத்தான் பின்னுக்குப் போட்டவர்.”

அவர் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். அறைக்குள் சுமதியின் ரெலிவிஷன் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். அண்ணை, அது அப்படி இல்லை என்று தொடங்க வேண்டும். நான்கு சொல். மூன்று வருடமாக இந்த நாட்டு ஆங்கிலத்தில் வராத சொற்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பேசியவனுக்கு, என் சொந்தத் தமிழில் அந்த நான்கு சொல் வரவில்லை.

நடேசு அண்ணை பவானியின் பக்கம் திரும்பினார். “மெய்யாத்தான் ஓடிப் பாத்தவரோ, பிள்ளை? நான் சுங்கத்துக்கெண்டல்லோ நினைச்சனான்.”

பவானி என்னைப் பார்க்கவில்லை. சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஓம் அண்ணை,” என்றாள். “ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கல்லுக்கு மேலை ஓடிப் பாத்தவர்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நடேசு அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்து, மெச்சுவதுபோலத் தலையை ஆட்டினார். நானும் ஓம் என்றேன்.